வேண்டாம் அண்ணாச்சி எழுதிய லஞ்சக் கணக்கு

நடந்தவை இவ்வளவுதான்:

1. எங்கள் ஊறுகாய்க் கம்பெனி, எலுமிச்சை ஊறிய உப்புத் தண்ணீரைப் பின்பக்க ஓடையில் விட்டது.
2. ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தெருக் கிணறு உப்பாகிவிட்டது.
3. கம்பெனி அந்தத் தெருவுக்கு ஒரு குடிநீர் இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்து, அதற்குச் சமூகப் பொறுப்பு என்று பெயர் வைத்தது.
4. வேண்டாம் அண்ணாச்சி அதை லஞ்சம் என்று எழுதிவைத்தார்.

தென்காசி வட்டாரத்தில் அடுத்தவர் காசில் ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் உத்தியோகம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் வேண்டாம் அண்ணாச்சிதான். அவர் கொள்முதல் பிரிவு. நான் ஆய்வகப் பொறியாளர். யார் எதைக் கொடுத்தாலும் அன்பளிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காகப் போட்ட விதி அது. அதை உண்மை என்று நம்பியவர் அவர் ஒருவரே.

புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் கெஞ்சுவார்.

"டீ சொல்லட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம்."

"மோரு?"

"வேண்டாம்."

"பச்சத் தண்ணியாவது குடியும்வே! நான் என்ன வெசமா வச்சிருக்கேன்?"

அண்ணாச்சி பையிலிருந்து சொந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடிப்பார். மறுநாள் பதிவேட்டில்: 'டீ, மோர், தண்ணீர். கொடுக்க முயன்றது.'

சீசனில் அதே வியாபாரி எங்கள் எல்லோரையும் வேனில் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். அண்ணாச்சி தனியாக பஸ்ஸில் வந்தார். அருவியில் நன்றாகக் குளித்தார். வியாபாரி எண்ணெய் தேய்க்க ஆள் ஏற்பாடு செய்ததும் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தார். "அருவிய யாரும் வாங்கித் தரல. எண்ணெய இவருல்லா வாங்கித் தாராரு!"

என் கல்யாணப் பத்திரிகையோடு ஒரு லட்டு கொடுத்தேன். அவருடைய குறிப்பு: 'லட்டு ஒன்று. கொடுத்தவர்: ஆய்வகப் பொறியாளர். எதற்காக: திருமணம் என்று சொல்கிறார்.'

கம்பெனிக்கு அவர் செல்லப்பிள்ளை. ஆண்டுப் புத்தகத்தில் பதிவேடும் கையுமாக அவர் படம் வரும். டீயை மறுக்கும் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டால், பின்னால் ஓடும் ஓடையை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். கிணற்றின் உப்பு அளவை நான் மூன்று முறை மேனேஜரிடம் கொடுத்தேன். மூன்று முறையும் "சீசன் முடியட்டும்மா" என்றார். எலுமிச்சை சீசனா, குற்றால சீசனா என்று நான் கேட்கவில்லை. அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்க, காகிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

குடிநீர் இயந்திரத்தின் திறப்பு விழாவில் ரிப்பன் தட்டைப் பிடிக்க அண்ணாச்சியை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவைச் சேர்ந்த பேச்சியக்கா முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒங்க புண்ணியத்துல கொழம்புக்கு உப்பே போட வேண்டாம் மொதலாளி. கெணத்துத் தண்ணியே போதும். மாடுதான் குடிக்க மாட்டேங்குது. அதுக்கு ஊறுகா பிடிக்காது போல."

முதலாளி சிரித்தார். மேனேஜர் சிரிக்காமல் ஒரு தாளை நீட்டி, தெருக்காரர்களிடம் கையெழுத்துக் கேட்டார். அண்ணாச்சி தட்டை வைத்துவிட்டு அதை வாங்கிப் படித்தார்.

"இயந்திரம் வாங்குனதுக்குக் கையெழுத்து சரி. 'கிணறு குறித்து எந்தப் புகாரும் இல்லை'ன்னு எதுக்கு சார் எழுதியிருக்கு?"

"அது சும்மா ஒரு பார்மாலிட்டி அண்ணாச்சி."

தெருக்காரர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குடத்தை நிரப்பப் போனார்கள்.

மறுநாள் பதிவேட்டில் அவருடைய முத்து முத்தான கையெழுத்து: 'பொருள்: குடிநீர் இயந்திரம். கொடுத்தவர்: நமது கம்பெனி. வாங்கியவர்: ஓடைக்கரைத் தெரு மக்கள். எதற்காக: கிணற்றைப் பற்றிப் பேசாமல் இருக்க. வகை: லஞ்சம்.'

மேனேஜர் குதித்தார். "நாம கொடுத்தத நம்ம பதிவேட்டுலயே எழுதுவாராவே ஒரு மனுசன்?"

"யார் கொடுத்தாலும்னுதான சார் விதி?"

"அந்தப் பக்கத்தக் கிழியும்!"

"கிழிக்கலாம் சார். கிழிச்சத அடுத்த பக்கத்துல எழுதணும்."

அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கையாளர்கள் வந்தார்கள். வழக்கம்போல் எங்கள் பெருமைக்குரிய பதிவேட்டைப் புரட்டினார்கள். ஒரு பக்கத்தில் நின்றார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தீர்களா என்று கேட்டார்கள். மேனேஜர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"தாயி, ஒங்கிட்ட இருக்குல்லா அந்த ரிசல்ட்டு?"

அவர் குரலில் அதட்டல் இல்லை. கடைசிப் படியில் நிற்கும் ஆளுக்குக் கை நீட்டுவதுபோல் கேட்டார். நான் போய் மூன்று தாள்களையும் எடுத்து வந்தேன்.

இப்போதைய நிலை இது. உப்புத் தண்ணீருக்குத் தொட்டி கட்டியாயிற்று. ஓடைக் குழாயை அடைத்தாயிற்று. தெருக்காரர்கள் கையெழுத்திட்ட தாள் ரத்தாகிவிட்டது. அண்ணாச்சியைத் திருவேங்கடம் ஊரில் இருக்கும் மிளகாய்க் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ஆண்டுப் புத்தகத்தில் அவர் படம் வருவதில்லை. கிணறு இன்னும் குடிக்கிற பதத்துக்கு வரவில்லை. மாதம் ஒருமுறை அளவெடுக்கிறேன். எடுத்ததும் மேனேஜருக்கு முன்னால் அண்ணாச்சிக்குத்தான் போன் செய்கிறேன். மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, "கொறஞ்சிருக்கா தாயி?" என்பார்.

கொஞ்சம் குறைந்திருக்கிறது.