முடிவு தெரிந்த மனிதர்

படத்தைக் கண்ணால் பார்ப்பவர்கள் உண்டு. வாயால் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டாவது இனம் எல்லா நாட்டிலும் செழித்து வளர்கிறது என்றாலும், அதன் முழு அழகையும் பார்க்க வேண்டுமானால் செக் நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு டிவியில் மாயாஜாலக் கதைப் படம் போடாவிட்டால் பண்டிகை வந்ததாகவே அங்கே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பார்துபிட்சே நகரத்து லுபோமிரை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கெண்டை மீன் வறுவலும் உருளைக்கிழங்கு சாலடும் முடிந்து, பரிசுப் பொட்டலங்களைப் பிரித்து வீட்டைக் குப்பையாக்கிய பிறகு, நாற்காலியை டிவிக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொள்வார். அவருக்குப் படம் என்றால் ஒன்றுதான். குளத்தின் அடியில் வாழும் பச்சைப் பூதம், மூழ்கிச் செத்தவர்களின் உயிரை மூடி போட்ட ஜாடிகளில் அடைத்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறது. தாயின் உயிரை மீட்க மாவு மில்காரனின் மகள் குளத்துக்குள் இறங்குகிறாள். குழந்தைகள் படமாம்! இதைப் பார்த்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் திறக்கவே நடுங்கிய பிள்ளைகள் அந்த ஊரில் ஏராளம். ஆனாலும் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். ஏன் பார்க்க மாட்டார்கள்? வயிறு நிறைந்து, ஹீட்டர் இதமாகக் காய்ந்து, மடியில் வெண்ணிலா பிஸ்கட் தட்டும் இருக்கும்போது, அடுத்தவன் மகள் இருட்டுக்குள் இறங்குவதைப் பார்க்கும் சுகம் வேறு எதில் கிடைக்கும்?

லுபோமிர் சும்மா பார்க்க மாட்டார். "இப்ப தவளை கத்தும் பாரு" என்பார். தவளை கத்தும். தானே கத்திவிட்டதுபோல நிமிர்ந்து உட்காருவார். அந்தக் காலத்துப் பயத்தின் தரம், கம்ப்யூட்டரில் செய்யும் இந்தக் காலத்துப் பூதங்களின் கேவலம், ஜாடி என்பது உண்மையில் அரசாங்கம்தான் என்கிற தத்துவம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசிக் காட்சியில் உச்சத்துக்குப் போகும். "கவலப்படாதீங்க, அம்மாவும் பொண்ணும் கையக் கோத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க" என்று அறிவித்துவிட்டு, பெயர்கள் ஓடி முடியும்வரை சொற்பொழிவு ஆற்றுவார்.

இந்த வருஷம் மகன் மாரெக் புது மனைவி சில்வியாவோடு வந்திருந்தான். பண்டிகை மாலையில் அவள் குடும்பம் தேவாலயத்துக்குப் போய்விடும் என்பதால், இந்தப் படத்தைப் பார்க்காமலே வளர்ந்த அதிசயப் பிறவி அவள். சாப்பாட்டுக்கு முன்பே மாரெக் அப்பாவைச் சமையலறையில் மடக்கினான்.

"அப்பா, சில்வியா மொத தடவையா பாக்கறா. படம் முடியற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா, அடுத்த வருஷத்துலேருந்து பண்டிகைக்கு நாங்க அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம்."

"நான் எங்கடா பேசறேன்?"

"ஆமா, பூதம்தான் பேசுது" என்றாள் அவர் மனைவி யிட்கா, வாணலியிலிருந்து தலையைத் தூக்காமல்.

மகன் வராத கிறிஸ்துமஸை நினைத்து லுபோமிர் உண்மையிலேயே பயந்துபோனார். படம் தொடங்கியதும் வாய் நிறைய பிஸ்கட்டை அடைத்துக்கொண்டார். தவளை அவர் அனுமதி இல்லாமலே கத்தியது. பொறுத்துக்கொண்டார். அரசாங்கம் தொண்டை வரை வந்தது. விழுங்கினார்.

அப்போதுதான் முதல்முறையாகக் கடைசிக் காட்சி அவர் காதில் விழுந்தது. ஒரு ஜாடி காலியானால் இன்னொரு ஜாடி நிறைய வேண்டும் என்றது பூதம். பெண் தாயைக் கரையேற்றிவிட்டுத் தானே உள்ளே போனாள். மூடி விழுந்தது. தாய் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

வாயில் இருந்த பிஸ்கட்டை மென்று விழுங்கவே லுபோமிருக்கு மறந்துபோயிற்று. பெண் வரவில்லையா? இத்தனை வருஷமும் வரவே இல்லையா? அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பொய் என்று சொல்லக் கூடாது.

சில்வியா மூக்கை உறிஞ்சியபடி திரும்பினாள். "உங்களுக்குத்தான் இந்த முடிவு முன்னாடியே தெரியுமே, எப்படி மாமா வருஷா வருஷம் தாங்கிக்கறீங்க?"

தெரியாதும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை எல்லோரும் கட்டிக்கொண்டிருப்பார்கள். சொன்னாரா?

"வெட்டிட்டாங்க!" என்று துள்ளி எழுந்தார். "பழைய பிரதியில பொண்ணு வீட்டுக்கு வருவா. என் கண்ணால பாத்திருக்கேன்! விளம்பரம் போடறதுக்காக டிவிக்காரன் முடிவையே நறுக்கிட்டான்!"

"ஏங்க, எப்பவும் இதே முடிவுதான்" என்றாள் யிட்கா. "ஊருக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க எடம் விட்டீங்க?"

மாரெக் கோட்டை எடுக்க எழுந்தான். சில்வியா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "படம் முடியற வரைக்கும்தானே கேட்டோம்? மாமா வாக்கக் காப்பாத்திட்டாரு. அடுத்த வருஷமும் இங்கதான் வரணும்" என்றாள். லுபோமிர் அதைக் கேட்கவில்லை. பழைய பிரதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே, "இது கடைசியில இப்படித்தான் போய் முடியும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லியாகிவிட்டதா? பாவம், அவர் இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை.