இறால் பெட்டிமேல் அலாஸ்கா

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு.

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் றேமண்ட் அவர்கட்கு,

ஆண்டவருடைய கிருபையாலும் காலையில் போடுகிற பிரஷர் குளிசையாலும் நானும் உம்முடைய அக்கா மெற்றில்டாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். வான்கூவரில் நீரும் பிள்ளைகளும் அவ்வண்ணமே இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். வட்சப் இருக்க இந்த மனுசன் எதற்காகத் தாளில் எழுதுகிறார் என்று நீர் யோசிப்பீர். அந்தப் போன் எந்நேரமும் உம்முடைய அக்காவின் கையில் இருக்கிறது. நான் இப்போது எழுதப் போவது அவளுக்குத் தெரியக் கூடாது. சின்னராசாவின் மகள் வருகிற கிழமை உங்கள் பக்கம் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். வாசித்த உடனே கிழித்துப் போடும்.

விஷயம் இதுதான். அலாஸ்காவுக்குப் போக நீர் ஒழுங்கு செய்த கப்பல் நிற்கிற ஒவ்வொரு துறையிலும் கரையில் இறங்கி என்னென்ன பார்க்க விருப்பம் என்று கேட்டு நீர் எழுதியிருந்தீர். நானும் தெரிவு செய்து அனுப்பியிருந்தேன். அதில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். என்ன மாற்றம் என்பதை ஒரு வரியில் எழுதிவிடலாம், ஆனால் ஏன் என்று நீர் கேட்பீர், கேட்காவிட்டாலும் ஊரார் உமக்குச் சொல்லிவிடுவார்கள், அதிலும் கீழ்வீட்டு புளோறன்ஸ் சொன்னால் இரண்டு மடங்காகச் சொல்லுவாள். ஆகவே வெட்கத்தை விட்டு நானே எழுதுகிறேன்.

இது எவ்வளவு காலம் காத்திருந்த பயணம் என்று உமக்குத் தெரியும். முதல் தடவை நீர் ஒழுங்கு செய்தபோது கொரோனா வந்து உலகத்துக் கப்பல்களையெல்லாம் கட்டிப் போட்டது. அடுத்த தடவை நாட்டில் பெற்றோலும் இல்லை, சமையல் காஸும் இல்லை, வரிசையில் நிற்பதே எங்களுக்குப் பயணமாகிவிட்டது. மெற்றில்டா ஒரு முறுமுறுப்பும் காட்டவில்லை. பிரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ் கட்டினால் கரண்டியால் சுரண்டி எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இது அங்க மலை மலையா இருக்குமாம்" என்று மட்டும் சொல்லுவாள். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்க வெண்பனிப் படம் கீறிக் காட்டியவள், ஒரு தடவையாவது அதை மிதித்தவள் அல்ல. இந்த முறை விசாவும் வந்து, கப்பலில் அறையும் உறுதியாகியதும் அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்து, வெங்காயம் வெட்டினதாகச் சொன்னாள். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே இல்லை.

நான்தான் அன்றைக்கே தலை வீங்கிப் போனேன், மச்சான். துறைமுகத்தில் வேலை செய்தவன் என்பதால் கப்பலைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று பேக்கரியில் நின்று பிரசங்கம் வைத்தேன். உண்மையில் நான் கப்பலைக் கரையில் நின்று பார்த்தவன், எப்போதாவது ஏறிப்போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு இறங்கியவன், அவ்வளவுதான். புறக்கோட்டை நடைபாதையில் ஒரு பழைய கம்பளிக் கோட் வாங்கினேன். எந்த நாட்டு நெட்டையன் போட்டதோ, எனக்குக் கணுக்கால் வரை வந்தது. வாங்கிய சூட்டோடு, அதுவும் சித்திரை வெயிலில், மத்தியான நேரம், அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். புளோறன்ஸ் கண்டுவிட்டு, "என்ன அங்கிள், குளிர் காய்ச்சலோ? டொக்டரிட்டப் போகேல்லையோ?" என்றாள். அலாஸ்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன், வியர்வை வாய்க்குள் ஓடியது.

பெட்டி அடுக்குவதும் என்னுடைய ராச்சியமாகத்தான் இருந்தது. நுவரெலியாவில் இருந்து எடுப்பித்த சுவெட்டர்கள், காதை மூடுகிற தொப்பிகள், மிளகாய்த்தூள், கொத்தமல்லி, சுடுதண்ணிப் பை, பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பார்சல் கருவாடு. மெற்றில்டா பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை வெளியே எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, நாய் இழுக்கிற வண்டியில ஏறப்போறன் எண்டு சொன்னீங்கள். உடுப்பெல்லாம் கருவாடு மணத்தா அந்த நாய்கள் வண்டியை இழுக்குமோ, உங்களை இழுக்குமோ?"

நான் சிரிக்கவில்லை. குளிர்ப் பிரதேச விஷயங்கள் அவளுக்கு விளங்காது என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இனித்தான் நான் தலைகுனிய வேண்டிய இடம் வருகிறது. நீர் அனுப்பிய கரைப் பயணங்களை நான் ஒருவனாக இருந்துதான் தெரிவு செய்தேன். ஹெலிகொப்டரில் ஏறி, பனிப்பாறைக்கு மேலே இறங்கி, ஆணி வைத்த சப்பாத்துப் போட்டு நடந்து, நாய் வண்டியிலும் ஏறுகிற பயணத்தை எனக்குப் போட்டேன். மெற்றில்டாவுக்கு அதே துறையில் பஸ் ஒன்றைப் போட்டேன். பட்டினத்தைச் சுற்றிக் காட்டி, கடைத்தெருவில் இறக்கி, தேநீரும் கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற பஸ். அவளுக்கு முழங்கால் நோவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. ஐஸுக்காக இத்தனை காலம் காத்திருந்தவள் அவள். கண்ணாடிக்குள்ளால் அவள் கடை பார்க்க, நான் மேலே போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டலாம் என்று இருந்தேன்.

என்னுடைய துறைமுகக் காலத்துச் சிநேகிதர் பௌஸி உமக்கு ஞாபகம் இருக்கும், இறால் ஏற்றுமதி செய்கிறவர். என் கோட்டின் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அலாஸ்காக்குப் போக முந்தி என்ட அலாஸ்காவப் பாத்துட்டுப் போங்களேன். தெமட்டகொடையில இறால் வெக்கிற கூல் ரூம் ஒண்டு ஈக்குது. கொஞ்ச நேரம் உள்ள இருந்தீங்கண்டா கோட்டு தாங்குமா தாங்காதா எண்டு தெரிஞ்சிரும்."

நல்ல யோசனையாகப் பட்டது. போன வியாழக்கிழமை இருவரும் போனோம். நான் கோட், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு துருவத்தைக் கண்டுபிடிக்கப் போகிறவன் மாதிரி இறங்கினேன். மெற்றில்டா இரண்டு சுவெட்டரும் கழுத்தில் ஒரு சால்வையும் மட்டும். பௌஸி வாசலில் நின்று கதவைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த நேரம் அங்கே பெட்டி தூக்குகிற பெடியன்களுக்குப் பனிப்பாறை எப்படி உடைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. இருவரும் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே வெள்ளைப் புகையும் மஞ்சள் லைட்டும், சுவரோடு சுவராக இறால் பெட்டிகளும். மெற்றில்டா வாயைத் திறந்து ஊதிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்கோ, எனக்கு வாயால புகை வருது!"

திரும்பத் திரும்ப ஊதினாள். பிறகு ஒரு இறால் பெட்டியின் மேல் சால்வையை விரித்து, பூசையில் இருக்கிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய முகத்தை அப்படி நான் கலியாண நாளில்கூடக் காணவில்லை.

"அந்த ஹெலிகொப்டர் பயணம் எனக்கும் போட்டனீங்கள்தானே?" என்றாள்.

"உமக்கு முழங்கால் ஏலாதெல்லே மெற்றி. உமக்கு நல்ல பஸ் ஒண்டு போட்டிருக்கிறன். கடையெல்லாம் காட்டுவினம். தேத்தண்ணியும் குடுப்பினமாம்."

அவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"கடை பாக்க நான் அலாஸ்காவுக்குப் போகோணுமோ? புறக்கோட்டைக்குப் போனாக் காணாதோ?"

அந்த நேரம் பார்த்து மேலே இருந்த மெஷின் தடால் என்று இரைந்து ஓடத் தொடங்கியது, லைட் ஒருதரம் மங்கியது. என் மூக்கு மரத்துப் போயிருந்தது, மூச்சு நெஞ்சுக்குள் குத்தியது. கரண்ட் நிற்கப் போகிறது, கதவு பூட்டுப்பட்டுவிட்டது, நாளைக்கு எங்களை இறாலோடு சேர்த்து ஜப்பானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், மச்சான், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கதவுப் பிடியைப் பிடித்து இழுத்தேன். அது அசையவில்லை. காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். "தொர அரின்ட மல்லி! தொர அரின்ட!" என்று கதவைத் திறக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினேன், தமிழில் மாதாவைக் கூப்பிட்டேன், இங்கிலீசில் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் இருந்து மெற்றில்டாவின் குரல் அமைதியாக வந்தது, பாலர் வகுப்பில் வருகிற குரல்.

"இழுக்காதேங்கோ. தள்ளுங்கோ. அந்தப் பச்சைக் குமிழைத் தள்ளச் சொல்லித்தானே பௌஸி சொன்னவர்."

தள்ளினேன். கதவு திறந்தது. நான் வெளியே பாய்ந்தேன். எனக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

றேமண்ட், அந்த இடத்தில் நான் நிற்கவில்லை. ஓடினேன். லொறியைத் தாண்டி, பெட்டி தூக்குகிற பெடியன்களைத் தாண்டி, வெயில் விழுகிற முற்றம் வரைக்கும் ஓடி, கோட்டையும் தொப்பியையும் கழற்றி எறிந்துவிட்டு வெயிலை அள்ளி அள்ளிக் குடிக்கிறவன் போல வாயைத் திறந்துகொண்டு நின்றேன். பெடியன்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பௌஸி பதறிக்கொண்டு வந்து, "அல்லாவே, மிஸ்டர் ஹியூபேட், மிஸிஸ் எங்க?" என்று கேட்டார்.

நான் என்னுடைய கையைப் பார்த்தேன், அவள் அதற்குள் இருக்கிறாளோ என்று பார்க்கிறவன் மாதிரி.

பிறகு மெற்றில்டா வெளியே வந்தாள். அது எப்படி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதை மட்டும் மன்னித்துக்கொள்ளும். த்ரீவீலரில் வீட்டுக்கு வந்தோம். பௌஸி தந்துவிட்ட இறாலை அவள் பொரித்தாள். "நல்ல இறால்" என்றாள். அது ஒன்றுதான். எத்தனை வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டோம், நெருப்புப் பிடித்தால் முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன் என்றுதான் என்னைப் பற்றி நான் நினைத்திருந்தேன். நெருப்பு வரவில்லை. கொஞ்சக் குளிர் வந்தது, நான் தனிய ஓடினேன். முற்றத்தில் நின்று எல்லாம் பார்த்த த்ரீவீலர்காரன் யாருக்குச் சொன்னானோ, மறுநாள் புளோறன்ஸ் மாடிப்படியில் நின்று, "அங்கிள், குளிர் எப்பிடி?" என்றாள். பேக்கரிப் பக்கம் நான் போவதில்லை. பாண் வாங்க அடுத்த தெருவுக்குப் போகிறேன்.

இன்றைக்குப் பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினேன். அவள் பிடித்தாள்.

"சமாதானம். பஸ்ஸைக் கான்சல் பண்ணுங்கோ" என்றாள்.

ஆகவே, மச்சான், தயவுசெய்து ஹெலிகொப்டரை அக்காவின் பெயருக்கு மாற்றிவிடும். ஆணிச் சப்பாத்து, நாய் வண்டி, எல்லாம் அவளுக்கு. பூசையால் வருகிற வழியிலேயே முழங்காலை டொக்டரிடம் காட்டினோம், ஊசி போட்டுக்கொண்டு போகலாம் என்றார். அந்தப் பஸ்ஸில் என்னைப் போடும். கடைத்தெருவில் இறங்கித் தேநீர் குடிப்பதற்குத்தான் எனக்குத் தகுதி இருக்கிறது. பஸ்ஸில் கதவோரமாக ஒரு சீற் கிடைக்குமென்றால் மிகவும் நல்லது. உம்முடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இது எதையும் சொல்லாதேயும். அத்தானுக்கு வயது போய் ஆசை அடங்கிவிட்டது என்று சொல்லிவிடும்.

உம்முடைய வீட்டு வாசலில் எந்தக் குளிரும் கெடுதியாக வராமல் மாதா காவல் இருப்பாராக. பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் போட்டுவிடும்.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத உம் அத்தான்,
ஹியூபேட்

பி.கு.: தம்பி றேமண்ட், இது அக்கா. உன்ர அத்தான் கடதாசியை நெஞ்சில வைச்சபடி நித்திரையாப் போனார், எடுத்து வாசிச்சிட்டன். எழுதக் கை வரேல்லை எண்டு விட்ட இடத்தை நான் எழுதிறன். ஓடினவர்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பௌஸி கதவடிக்கு வர முந்தியே அவர் திரும்பி உள்ள வந்திட்டார். கோட்டும் இல்லை, தொப்பியும் இல்லை, பல்லு கிடுகிடுவெண்டு அடிக்குது. "மெற்றி, வாரும்" எண்டார். நான் இன்னும் கொஞ்சம் இருக்கப்போறன் எண்டன். அவர் வெளியில போகேல்லை. எனக்குப் பக்கத்தில இறால் பெட்டியில இருந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு, நான் போதுமெண்டு சொல்லும்வரைக்கும் அழுதுகொண்டு இருந்தார். அதைச் சொல்ல வெக்கமாம். பஸ்ஸைக் கான்சல் பண்ணச் சொன்னது என்ர பஸ்ஸை மட்டும் இல்லை. ரெண்டு பேருக்கும் ஹெலிகொப்டர் போடு. மேல போய்க் கத்தினாக் கத்தட்டும், அங்க கதவு இல்லைத்தானே.