தொகுப்பாளர் தேர்வுக் குழுவின் ஏகமனதான முடிவு

இங்கிலாந்து தேசத்தைப் பிரதமர் இல்லாமல் ஒரு மாதம் ஓட்டிவிடலாம், "எங்கே அவர்?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் 'முப்பது கேள்விகள்' என்ற தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியைத் தொகுப்பாளர் இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமைகூட ஓட்ட முடியாது. முப்பத்தொரு வருடம் அந்தக் கறுப்பு நாற்காலியில் வீற்றிருந்த டெஸ்மண்ட் தர்ல்பி, முட்டிவலி தாங்காமல் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். மறுநாளே லீட்ஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில், நாட்டின் வருங்காலத்தை நிர்ணயிக்க ஐவர் குழு கூடியது. கூடிய முதல் நாள், பிஸ்கட் போதவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டுக் கலைந்தது.

அந்த நாற்காலியை இருபத்து நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் மோரீன் ஏக்ராய்ட். நிகழ்ச்சியின் ஒவ்வொரு கேள்வியையும் விடையையும் மூன்று புத்தகங்களில் ஒத்துப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. ஒத்திகைகளில் டெஸ்மண்ட் ஒப்பனை அறையில் முடியைச் சரிசெய்துகொண்டிருப்பார். விளக்குக்காரர்கள் வெளிச்சம் பார்ப்பதற்காக, அவர் இடத்தில் உட்கார்ந்து கேள்வி வாசிப்பதும் அவள்தான். அந்த இடம் தனக்கு வேண்டும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை விண்ணப்பமே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

குழுத் தலைவர் நைஜல் ஃபென்விக், லண்டனிலிருந்து சாஸ்கியா என்ற ஆலோசகரை வரவழைத்திருந்தார். நவீன காலத்துக்குத் தேவையான 'ஆளுமை அம்சங்களை' அந்த அம்மையார் பலகையில் எழுதினார்: சிரிப்பு, தோள்பட்டை, நம்பிக்கை.

"அறிவு?" என்று கேட்டார் ஒரு உறுப்பினர். அவர் பழைய ஆள்.

"அறிவைப் பார்த்தா ஜனங்க மிரளுறாங்க. அறிவாளிக்கு ஒரு நம்பிக்கை இருக்கும் பாருங்க, நமக்கு அது மட்டும் போதும்," என்றார் சாஸ்கியா.

"அறிவு இல்லாமலா?"

"அது இருந்தா நம்பிக்கை குறைஞ்சுடும்."

இந்த ஆழமான கருத்தைக் குழு குறித்துக்கொண்டது. நூற்று நாற்பது விண்ணப்பங்கள் வடிகட்டப்பட்டு இருவர் மிஞ்சினார்கள். ஒருவர் டேரன் ஹோப்சன்: ரக்பி ஆடியவர், பின்பு நடனப் போட்டியொன்றில் மூன்றாம் வாரம் தோற்றவர், தற்போது தயிர் விளம்பரத்தில் கரண்டியோடு சிரிப்பவர். இன்னொருவர் மோரீன். நிலையத்து ஆள் ஒருவருக்காவது வாய்ப்புக் கொடுத்தோம் என்று அறிக்கையில் எழுதவேண்டுமே.

தேர்வுக்கான அட்டைகளைப் பெரிய எழுத்தில் மறுபடி அச்சடிக்கச் சொன்னார் சாஸ்கியா. மூக்குக்கண்ணாடி போட்டால் படித்தவர் என்று தெரிந்துவிடுமாம். அச்சு பெரிதானதில் விடைகள் எல்லாம் ஒரு கேள்வி கீழே இறங்கிவிட்டன. முதல் கேள்விக்கு விடையே இல்லை. அதன் விடை இரண்டாவதற்கு, இரண்டாவதன் விடை மூன்றாவதற்கு. இது யாருக்கும் தெரியாது. மோரீன் மட்டும் வழக்கம்போலப் போய்க் கேட்டாள்.

"நைஜல், அட்டைய ஒரு தரம் பார்த்துடட்டுமா?"

"மோரீன், நீங்க இப்ப போட்டியில இருக்கீங்க. கேள்விய முன்னாடியே பார்க்கலாமா? நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப வேற யாரு சரிபார்ப்பா?"

"அதுக்கு இங்க உங்கள விட்டா யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"அதான். நேர்மையா நடக்கணும்னா யாருமே பார்க்கக் கூடாது."

தேர்வு நாளில் போட்டியாளர் இருக்கையில் விளக்குக்காரர் கிளிஃபர்ட் உட்காரவைக்கப்பட்டார். ஒத்திகையில் நிலையத்து ஆட்களே போட்டியாளராக உட்காருவது அங்கே வழக்கம். கிளிஃபர்ட் மோரீனுக்கு இருபது வருடச் சிநேகிதர். தினம் பத்தரை மணிக்கு அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பவர்.

முதலில் டேரன் வந்தார். நாற்காலி ஒருமுறை முனகியது.

"ஆப்பிரிக்காவுல ஒரு பெரிய ஏரிக்கும் ஒரு பெரிய அருவிக்கும் எந்த ராணி பேர வச்சிருக்காங்க?"

"விக்டோரியா."

டேரன் அட்டையைப் பார்த்தார். விடை இருக்கவேண்டிய இடம் காலி. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. பல் தெரியச் சிரித்தார். "அத நீங்கதான் உங்க மனசக் கேட்டுச் சொல்லணும்," என்றார்.

'பார்வையாளரைச் சிந்திக்க வைக்கிறார்' என்று சாஸ்கியா குறித்துக்கொண்டார்.

"சிலந்திக்கு எத்தனை கால்?"

"எட்டு."

"தப்பு," என்றார் டேரன், கனிவோடு. "விக்டோரியா மகாராணி."

கிளிஃபர்ட் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆமால்ல... மன்னிச்சுக்குங்க," என்றார்.

"பரவால்ல, நிறையப் பேரு இதுல வழுக்கி விழுவாங்க. ஆஸ்திரேலியாவோட தலைநகர் எது?"

"கான்பரா... தானே?"

"எட்டு."

குழு கைதட்டியது. அடுத்து மோரீன் வந்தாள். புதிதாகத் தைத்த பச்சைக் கோட்டு போட்டிருந்தாள், மூக்குக்கண்ணாடியும்தான். இருவருக்கும் ஒரே கேள்விகள், அதுவும் நேர்மை. முதல் அட்டையில் விடை இல்லாதபோதே அவளுக்குத் திக்கென்றது. 'விக்டோரியா' என்று கிளிஃபர்ட் சொன்னதும் மனதுக்குத் தெரிந்ததை வைத்துச் சரி என்றாள். இரண்டாவது அட்டைக்கு வந்தாள்.

"சிலந்திக்கு எத்தனை கால்?"

கிளிஃபர்ட் குழுவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "விக்டோரியா மகாராணி?" என்றார் மெதுவாக.

மோரீன் அட்டையைப் பார்த்தாள். அட்டையும் அதையேதான் சொன்னது. டேரனுக்குக் கிடைத்த கைதட்டல் வெளியே அவள் காதிலும் விழுந்திருந்தது; அட்டையை அப்படியே வாசித்துவிட்டால் நாற்காலி கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. வெட்கத்தோடு அட்டையைக் கீழே வைத்தாள்.

"கிளிஃபர்ட், அட்டைல தப்பா அச்சாயிருக்கு. உனக்கே தெரியும். நல்லா யோசிச்சுச் சொல்லு, எத்தனை கால்?"

"எட்டு?"

"சரியான விடை. தப்பு எங்களோடது. மன்னிச்சுக்கோ."

'மன்னிச்சுக்கோ' என்ற சொல் கேட்டதும் சாஸ்கியா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

குழு மூன்று மணி நேரம் ஆலோசித்தது. இருவர் டேரன் பக்கம். இருவர் மோரீன் பக்கம். ஐந்தாம் உறுப்பினர் பல வருடங்களாகவே முடிவெடுப்பதில்லை, அந்த நடுநிலைக்காகத்தான் அவரைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். கடைசியில் நைஜல் எழுந்து, இது மக்கள் நிகழ்ச்சி, ஆகவே மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். மக்கள் என்றால், குழுவையும் விண்ணப்பித்த இருவரையும் விட்டால், அந்தச் சமயம் கட்டடத்தில் கிளிஃபர்ட்தான் இருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த மோரீனுக்கு, கிளிஃபர்ட் உள்ளே போவதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. இருபது வருடத் தேநீர். போதாததற்கு சிலந்திக் கேள்வியின் மதிப்பெண்ணை அவருக்குத் திருப்பிக் கொடுத்ததும் அவள்தான். கோட்டுக் கழுத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. நைஜல் வெளியே வந்து, எதிரே காத்திருந்த டேரனின் தோளில் கைபோட்டார். 'ஏகமனதான முடிவு' என்று, அதற்குள் வந்து கூடிவிட்ட நிருபர்களிடம் சொன்னார். நாளையிலிருந்து மோரீன் டேரனின் காதுக்கருவியில் விடைகளைச் சொல்லித் தருவாள் என்றும், அவர் அவற்றைக் கேட்பது அவர் விருப்பம் என்றும் சொன்னார்.

கிளிஃபர்ட் பின்னாலேயே நழுவப் பார்த்தார். மோரீன் வழிமறித்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது; கோபம் அதற்கும் மேலே.

"ஏன்டா இப்படிப் பண்ணே?"

"கோவிச்சுக்காத, மோரீன்."

"சிலந்திக்கு எத்தனை கால்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும், எட்டு. மத்தியானமே குளியலறையில ஒண்ணப் புடிச்சு எண்ணியும் பார்த்துட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"எட்டுன்னே."

"அந்த ஆளு?"

"விக்டோரியா மகாராணின்னாரு."

"அப்புறமும் அவனுக்கா ஓட்டு?"

கிளிஃபர்ட் தலையைச் சொறிந்தார். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

"எட்டுன்னு எனக்கே தெரியுமே, மோரீன். எனக்குத் தெரிஞ்சதையேதான் உனக்கும் தெரியும்னா, உன்னை எதுக்கு அந்த நாற்காலியில உட்கார வைக்கணும்?"