மாஸ்டர் தொலைத்த ஊசிமுனை

"ஊசி உடைஞ்சிருச்சு," என்றார் தையல் மாஸ்டர், மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு.

"வேற ஊசி மாட்டுங்க," என்றாள் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி.

"முனையைக் காணோம்டி!"

மடியில் கிடந்தது அறிவியல் வாத்தியாரின் புது பேன்ட். ஐந்து மணிக்கு வந்து, இங்கேயே மாற்றிக்கொண்டு, நேரே பள்ளி விழா மேடையில் போய் உட்காரப்போகிறார்.

"விஷயத்தைச் சொல்லி, நாளைக்கு வாங்கிக்கச் சொல்லுங்க."

"சொல்றதா? இருபத்திரண்டு வருஷத்துல என் துணியில ஊசி இருந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லியிருப்பாங்களா? அந்தப் பேரு போச்சுன்னா கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

தடவினார். உதறினார். கண்ணுக்கு அருகே பிடித்துத் துருவித் துருவிப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கடை ரேடியோ மெக்கானிக்கிடம் ஓடி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம் ஒன்றை இரவல் வாங்கிவந்தார்.

மேஜையில் வைத்ததுதான் தாமதம், குண்டூசி டப்பா கவிழ்ந்தது. காந்தம் முள்ளம்பன்றியாகிவிட்டது. குனிந்து பார்த்தார், வழக்கம்போல் உதட்டில் கவ்வியிருந்த நாலு ஊசிகளும் அங்கே தாவின.

"கல்யாணமானதுலேருந்து வாயில ஊசி வைக்காதீங்கன்னு கத்துறேன். இந்தக் காந்தம் ஒரு வார்த்தை பேசல, உடனே கேட்டுட்டீங்களே!"

மாஸ்டர் கத்தரிக்கோலால் ஊசிகளை வழித்தார். வழிக்க வழிக்க கத்தரிக்கோலுக்கும் காந்தம் ஏறிவிட்டது. இப்போது ஊசிகள் அதைவிட்டு வர மறுத்தன. தாடியும் மீசையுமாக இருந்த கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டு, காந்தத்தை பேன்ட்மீது மெல்ல நகர்த்தினார்.

இடுப்பில் டக்கென்று ஒட்டியது.

"மாட்டிக்கிச்சு!" பரபரவென்று தையலைப் பிரித்தார்.

"அது நீங்க வச்ச கொக்கி," என்றாள் மனைவி.

பின்பாக்கெட்டில் மறுபடி டக். பாக்கெட்டையே பிரித்தெடுத்தார். அடியில் மேஜையின் ஆணி சிரித்தது. துணியைத் தாண்டியும் காந்தம் இழுக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஆணியே இல்லாத இடமாகப் பார்த்து பேன்ட்டை எங்கே விரித்தார் என்றால், தையல் மெஷின்மேல். முழுக்க இரும்பு. காந்தம் துணியோடு சேர்ந்து மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. காந்தத்தை மனைவி பிடித்துக்கொள்ள, பேன்ட்டை மாஸ்டர் இழுத்தார்.

டர்ர்ர்.

"வேலை முடிஞ்சுதா, மாஸ்டர்?" வாசலில் வாத்தியார்.

"முடிஞ்சிருச்சு சார், எல்லாமே," என்றாள் மனைவி.

மாஸ்டர் கிழிந்த பேன்ட்டை ஏந்திக்கொண்டு நின்றார். "சார்... ஊசிமுனை ஒண்ணு இதுக்குள்ள போயிருச்சு. தேடித்தான் இப்படி ஆச்சு. வேற துணி எடுத்துத் தச்சுத் தர்றேன். என் தொழில்ல இதுதான் சார் முதல் தடவை. வெளியில மட்டும் சொல்லிராதீங்க."

"அட, போட்டிருக்கிற பேன்ட்டோடயே மேடைக்குப் போறேன், விடுங்க." வாத்தியார் சட்டைப்பையிலிருந்து விரல் நீளக் காந்தம் ஒன்றை எடுத்து, பழகிய கையோடு மாஸ்டர் ஏந்தியிருந்த பேன்ட்டின் கால் மடிப்பில் ஒரே ஒரு தடவு தடவினார். ஊசிமுனை வந்து ஒட்டிக்கொண்டது.

மாஸ்டர் வாயைப் பிளந்தார். "எப்படி சார் இவ்வளவு சீக்கிரம்?"

"நீங்க தச்ச துணியை இந்தத் தெருவுல யாருமே காந்தம் வச்சுப் பாக்காம போட்டுக்க மாட்டாங்க, மாஸ்டர். எங்க ஸ்கூல்ல காந்தப் பாடம் நடக்குறதே அதுல கிடைக்கிற ஊசியை வச்சுத்தான்!"