கோழிகளின் குடல் நிலவரம்

சவேனி,
புரட்டாசி, 1987.

சிரஞ்சீவி சதேந்திராவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நான் சுகம். ஆக்லாந்துக் குளிரில் நீயும் ரஜ்னீதாவும் எப்படி என்று தெரியப்படுத்தவும். ஐந்தாம் வகுப்பில் நான் படித்த எழுத்தைத்தான் உனக்கும் கற்றுக்கொடுத்தேன். ஆகையால் எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி. "அம்மா நல்லா இருக்காங்களாம்" என்று மருமகளிடம் சுருக்கிச் சொல்லிவிடாதே.

என் கோழிகள் உயிரோடு இருக்கிறவரை அங்கே வரமாட்டேன் என்று நான் சொன்னதும், "சரிம்மா, கோழி செத்தா வந்துடணும்" என்று நீ சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருக்கிறது. கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்த நாளிலிருந்து ரஜ்னீதா அடுத்த வீட்டு ஜான்கிக்குப் போன் போட்டு அதுகளின் உடம்பை விசாரிக்கிறாள். நான் முழங்கால் வீங்கிப் படுத்திருந்தபோது வராத போன். நல்ல பெண், வாழட்டும்.

லௌட்டோகாவில் கோழி டாக்டர் பிஜேந்திராவைப் பார்த்தேன். நம்ம ஜனம்தான். "ஒரே வம்சம்மா, ஏழு வகை கிருமி. மூஞ்சிய வச்சுப் பிரிக்க முடியாது, குடல்ல எந்த இடத்துல குடியிருக்குன்னு பாக்கணும். மேல்குடல்ல வெள்ளைக் கோடு போட்டா மருந்துக்குக் கேக்கும். குருட்டுக்குடல்ல ரத்தம் கட்டினா மொத்தக் கூட்டமும் போயிடும். செத்த கோழியோட குடலைக் கொண்டாங்க" என்றார். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்த வருஷம் நம்ம தீவில் பட்டாளம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்ததே, அதுவும் ஒரே வம்சம்தான். முதல் தடவைக்குப் பிறகு நம்ம ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டாம் தடவைக்குப் பிறகு நாட்டை விட்டுப் போகப் பெட்டி வாங்கினார்கள், அப்படித்தான் பிரிக்க வேண்டும்.

மறுநாளே ஒரு கோழி செத்தது. புரட்டாசியில் நான் கோழி தொட முடியுமா? வடக்கத்திக்காரி ஜான்கிக்கு அந்த விரதம் கிடையாது, அவளை அறுக்கச் சொல்லிவிட்டு நான் தள்ளி நின்று சொல்லிக்கொடுத்தேன். "தீதி, இப்படியே எடுத்துட்டுப் போலாமே" என்றாள், என்னை அக்கா என்று அவள் பாஷையில் கூப்பிட்டு. "படிச்ச மனுஷன் கையில நாத்தக் குடலையா குடுக்கிறது? உங்க வீட்டு வழக்கம் அது, எங்க வீட்டுல இல்ல" என்றேன். அவளையே கீறிப் பிரிக்க வைத்து, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்க்க வைத்து, தண்ணீர் தெளிகிறவரை அலச வைத்து, வாழை இலையில் கட்டி வாங்கிக்கொண்டு போனேன். பிஜேந்திரா பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இவ்வளவு சுத்தமான குடல நான் பாத்ததே இல்ல. வியாதி உங்க சாக்கடையில இருக்கு" என்றார். பாராட்டுக்கு நன்றி சொன்னேன்.

இன்னொன்று செத்ததும் அதை ஜான்கியைச் சாக்கில் போடச் சொல்லி முழுசாகவே கொண்டுபோனேன். டாக்டர் மேஜைமேல் பெட்டி கட்டியிருந்தது. கனடாவுக்கு விசா வந்துவிட்டதாம், மறுநாள் விமானமாம். அந்த அவசரத்திலும் அறுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தார். மேல்குடலில் ஏணிப்படி மாதிரி வெள்ளைக் கோடு. குருட்டுக்குடல் சுத்தம். தண்ணீரில் கலக்கப் பொடி கொடுத்தார். இப்போது மிச்சக் கோழி எல்லாம் கீரைப்பாத்தியைக் கிளறுகின்றன. ஆகவே இது கொல்லுகிற வகை இல்லை, நான் வருவதற்கும் இல்லை. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. ரஜ்னீதாவிடம் பதமாகச் சொல்லு, மனசு உடைந்துவிடும்.

அம்மன் உங்கள் இருவரையும் காத்து, அடுத்த வருஷத்துக்குள் மூவராக்கட்டும்.

உன் அம்மா,
லீலாவதி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜான்கி வீட்டுக்கும் வெளிநாடு போகக் காகிதம் வந்தது, நேற்று போய்விட்டார்கள். காலையில் வேலி ஓரம் நின்று "இந்தக் கோழிக்கு இவ்வளவு மஞ்சளா" என்று கேட்க யாரும் இல்லை. சத்தமாகப் பேசிப் பார்த்தேன், கோழிதான் திரும்பிப் பார்த்தது. கோழி எல்லாவற்றையும் ரராவாயில் இருக்கிற என் சிநேகிதி சுஷீலாவிடம் விட்டுவிட்டேன். அந்த இரண்டுக்கு அப்புறம் ஒன்றுகூடச் சாகவில்லை, அதனால் உன்னிடம் நான் தோற்கவில்லை, இதை மருமகளிடம் அழுத்திச் சொல்லு. டிக்கெட் அனுப்பு. ஜன்னல் ஓரமாக.