முட்டைக்கு முன்னால் உட்கார்ந்த நாய்

மதிப்பும் பிரியமும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

நான் நலம், உங்கள் தங்கை என்னைவிட நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும், உங்கள் மருந்துக்கடையும் சேர்த்து, நலமாக இருக்க வேண்டுகிறேன். எழுத்து அங்கங்கே சாய்ந்திருந்தால் என் கை நடுங்குகிறது என்று நினைத்து மாத்திரை அனுப்பிவிட வேண்டாம். கப்பல் ஆடுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் ஏற்பாடு செய்துகொடுத்த இந்தப் பயணத்துக்கு நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் கூடவே நீங்கள் கொடுத்த யோசனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டதும், டாக்டர் "கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுத்துக்கிட்டே இருங்க" என்றதும், அன்றிலிருந்து நான் ஒரு கையில் தட்டும் மறு கையில் ஸ்பூனுமாக அறைக்கு அறை அவள் பின்னால் அலைந்ததும் உங்களுக்குத் தெரியும். பசி என்ற சொல்லையே மறந்துவிட்டாளோ என்று நான் பயந்துகிடந்த நேரத்தில்தான் நீங்கள் போனில், "கடல் காத்து பட்டா பசி எடுக்கும் மாப்பிள்ளை. ஊர் பாக்கக் கரையில இறங்குறப்ப மட்டும் கையில ஏதாவது வச்சுக்குங்க. கப்பல்ல காலைச் சாப்பாட்ட பரப்பி வச்சிருப்பாங்க, ரெண்டு எடுத்துப் பையில போட்டா யாரு கேக்கப் போறா" என்றீர்கள்.

கேட்டார்கள், மச்சான்.

நேற்றுதான் முதல் துறைமுகம் வந்தது. காலையில் ஒலிபெருக்கியில், கம்பெனியில் சீல் வைத்த பாக்கெட் தவிர வேறு எந்தத் தின்பண்டமும் கரைக்குக் கொண்டுபோகக் கூடாது, பழம், முட்டை, இறைச்சி அறவே கூடாது என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். ரயிலில் இத்தனை வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான், அறிவிப்பு என்பது மற்றவர்களுக்கு என்று எனக்குள் ஊறிப்போயிருக்கிறது. அவித்த முட்டைகளை மழைக்கோட்டின் உள் பையிலும், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பேப்பரில் சுற்றி மூக்குக்கண்ணாடிக் கூட்டிலும், ஆப்பிளைச் சுருட்டிய காலுறைக்குள்ளும் வைத்துக்கொண்டு கம்பீரமாக இறங்கினேன். மழை இல்லை, நல்ல வெயில். அந்த வெயிலில் மழைக்கோட்டுப் போட்டவன் நான் ஒருவன்தான் என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. சுங்க வாசலில் காது தொங்கிய ஒரு சின்ன நாய் வரிசையை மோந்துகொண்டே வந்து, என் முன்னால் நின்று, என்னை அண்ணாந்து பார்த்து, அமைதியாக உட்கார்ந்துகொண்டது. குரைக்கவில்லை. குரைத்திருந்தால்கூட சமாளித்திருப்பேன்.

"பையில என்னங்க இருக்கு?" என்றாள் சுங்க அதிகாரியம்மா.

"மருந்து."

"இவன் மருந்துக்கெல்லாம் உக்கார மாட்டாங்க."

பக்கத்து மேஜைக்குக் கூட்டிப்போனார்கள். கப்பலே வரிசையில் நின்று பார்க்க, என் உடம்பிலிருந்து காலைச் சாப்பாடு முழுவதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டிக்கெட் இல்லாதவனின் திருட்டு முழியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தவன் நான். அதே முழியை என் முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பழத்தோடு ஒரு பூச்சி வந்தால் தங்கள் தோட்டங்களே அழிந்துபோகும் என்று அந்தம்மா பொறுமையாக விளக்கி, எல்லாவற்றையும் தொட்டியில் போட்டு, "முதல் தடவைங்கறதால விடுறேன்" என்றாள். அப்போதுதான் உங்கள் தங்கையைக் கவனித்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறாள், தோள் குலுங்குகிறது. அவமானத்தில் அழ வைத்துவிட்டேனே என்று பதறிப்போய் அருகில் போனால், சிரிக்கிறாள் மச்சான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு. "காலுறைக்குள்ளயா வச்சீங்க," என்று கேட்டுவிட்டு மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு கையில் ஒன்றுமில்லை. அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கவேண்டிய நேரமோ நெருங்குகிறது. நான் தவித்துக்கொண்டு வர, அவள் பாட்டுக்கு முன்னால் நடந்து ஒரு சந்துக்குள் திரும்பினாள். அங்கே ஒரு ரொட்டிக்கடை, அப்போதுதான் அடுப்பிலிருந்து பன் எடுத்து அடுக்குகிறார்கள். நான் உள்ளே புகுந்து மாவில் என்ன சேர்த்தது, வெண்ணெயா வேறு கொழுப்பா, வயிற்றுக்கு ஆகுமா என்று விசாரித்தேன். கடைக்காரர், "பன்னுங்க இது, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி கேக்குறீங்களே" என்றார். எனக்குக் கோபம் வந்து வாக்குவாதம் வளர்ந்தது. முடித்துத் திரும்பினால் அவளைக் காணோம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு முழு பன்னைத் தின்று முடித்துவிட்டு இரண்டாவதைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "பசிக்குதுங்க" என்றாள். என் கண்ணில் ஏதோ மாவு விழுந்துவிட்டது. கடைக்காரரிடம் திரும்பிப்போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு பெரிய பை நிறைய வாங்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். கப்பலில் ஏறும் இடத்தில் காவலாளி பையைப் பார்த்து, "வெளிச் சாப்பாட்ட உள்ள விட மாட்டோம் சார்" என்றார். இறக்கினாலும் குற்றம், ஏற்றினாலும் குற்றம். சங்கு ஊதிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். போகிற வருகிறவர்களை எல்லாம் உங்கள் தங்கையே கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தாள், கடைசியில் காவலாளிக்கும் ஒன்று. "வயித்துக்குள்ள கொண்டுபோனா விடுவீங்கல்ல" என்று அவரிடம் கேட்டாள். அவரும் வாய் நிறைய பன்னோடு தலையாட்டினார்.

ஆக, உங்கள் கடல் காற்றுக் கொள்கை உண்மையாகிவிட்டது. நாளைய துறைமுகத்துக்கு சீல் வைத்த பிஸ்கட் வாங்கியாயிற்று. பக்கத்திலேயே இருந்து, ஒவ்வொரு வாயாக நானே கவனித்துக் கொடுத்து, இந்தப் பசியைக் கட்டிக்காப்பேன் என்று உங்களுக்கு வாக்குத் தருகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, உங்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். "எல்லாம் சரிதாங்க. ஆனா கடல் காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. பசி எனக்கு எப்பவோ திரும்பி வந்துடுச்சு. நீங்க எதிர்ல உக்காந்து வாயையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி முழுங்குறது? நேத்துதான் நீங்க கடைக்காரரோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க, நான் நிம்மதியா சாப்பிட்டேன்" என்கிறாள். ஆகவே மேலே கொடுத்த வாக்கை ரத்து செய்துகொள்ளவும். இப்போது மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிறோம். அவளுக்குத் தனி மேஜையாம். எனக்கு அடுத்தது, கடலைப் பார்த்தபடி.