தண்ணீர் குடிக்காமல் தின்ற குரக்கன்

பதுளையில் ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் படிகளை விட்டிறங்கி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். நடை என்பது மரியாதைக்குச் சொல்வது. கல்லை விழுங்கிய மலைப்பாம்பு நகர்ந்தால் எப்படியோ, அப்படி. பக்கத்தில் மனைவி செல்வி.

"வேலை போச்சுல்ல. இப்ப திருப்தியா?"

போனது காவல்கார வேலை. அவர்களிடம் மிச்சமிருந்த ஒரே யூனிஃபார்முக்குள் ஒரு மாதத்தில் நான் நுழைய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. (எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதைவிட லேசான பரீட்சை எங்கே கிடைக்கும்?)

செல்வியும் என்னோடு சேர்ந்து மெலியத் தொடங்கினாள். சோற்றைப் பாதியாக்கி, வல்லாரைச் சம்பலும் பயற்றங்காயும் தின்று, போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்தாள். நானோ ஃபோனில் எவனோ சொன்னதைக் கேட்டு சோறு, ரொட்டி, கீரை எல்லாவற்றையும் விட்டு முட்டையும் கோழியுமாக இறங்கினேன். கொஞ்சம் இளைத்தேன். ஆனால் உள்ளே போனது எதுவும் வெளியே வரவில்லை.

"நார்ச்சத்து வேணும்ங்க. கிளினிக்ல சொன்னாங்க" என்றாள்.

பாதியில் நிற்கத் தெரியாதவன் நான். மூன்று வேளையும் குரக்கன் என்கிற கேழ்வரகு ரொட்டி, வாழைப்பூ, தவிடு என்று மாடு மாதிரி மென்றேன். தண்ணீரை மட்டும் தொடவில்லை. பிறந்தது நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில். மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கிலோவாகக் கழிப்பார்கள். தண்ணீர் என்றால் எடை என்பது எங்கள் லயத்து வீடுகளில் பால்குடிக்குக்கூடத் தெரியும்.

குரக்கன் உள்ளே சிமெந்தாக இறுகியது. மாதம் முடிந்ததும் எனக்குச் சட்டையைப் போட்டுப் பார்த்த சூப்பர்வைசர் முகம் சுளித்தார்.

"போன மாசம் ரெண்டு பட்டனாவது பூட்டுச்சேங்க. மூச்சை உள்ள இழுங்க."

"இழுத்துக்கிட்டுதாங்க நிக்கிறேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் இருந்த முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குள் செல்வி என்னைத் தள்ளினாள். "நானா, இந்த மனுசனுக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க. தண்ணிக்கு வெயிட் இருக்காம், ஒரு மாசமா வாயில படவிடல."

கடைக்கார நானா ஜக்கைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், பின்கட்டுக் கழிப்பறையின் சாவியையும் சேர்த்தே கொடுத்தார். குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி குடித்தேன். பின்னேரம்தான் விடுதலை. அதற்குப் பிறகும் அது ஓயவில்லை. கழிப்பறையில் வாளி வாளியாக ஊற்றினேன்.

வெளியே வந்தபோது நானா மேலே கை காட்டினார். "தம்பி, டேங்க் காலி. பைப்புல இப்ப தண்ணி வராது. காலையில வந்து கிணத்துல அள்ளி நிரப்பித் தந்துட்டுப் போங்க."

மறுநாள் போனேன். நான் நிரப்பிய வேகத்தைப் பார்த்து, அந்தக் கடைக்குத் தண்ணீர் சுமக்கும் ஆளாக அன்றைக்கே வைத்துக்கொண்டார். முதல் வாளியைத் தூக்குமுன் ஒரு ஜக்கை நீட்டினார்.

"குடிச்சிட்டுத் தூக்குங்க. இந்த டேங்க் கடைக்கு, உங்க கக்கூசுக்கு இல்ல."